கட்டை மேல் போட்ட கடக்கால்

இருபத்தேழு வருடமாகச் சுவர் கட்டுகிறேன். நான் கட்டிய எதுவும் இதுவரை சாய்ந்ததில்லை. இதைச் சொன்னால் தற்பெருமை என்கிறார்கள். சாய்ந்த சுவரைக் கட்டியவன் அடக்கமாக இருந்துகொள்ளட்டும், எனக்கென்ன வந்தது?

அக்கா வீட்டுத் தோட்டம் பின்பக்கம் சரிவாக இறங்கும். போன மழையில் மண் சரிந்து, பாதித் தோட்டம் கீழே ஆட்கள் நடக்கிற பாதைக்குப் போய்விட்டது. அக்கா போன் செய்தாள், ஆறு வருடம் கழித்து.

"தோட்டத்துக்குச் சுவர் ஒண்ணு கட்டிக் குடுடா. உன் மாமா ஒத்துக்கிட்டார். ஆனா ஒரு தடவை சண்டை போட்டாலும் அதுதான் கடைசின்னு சொல்லிட்டார். வாயை மூடிட்டு முடிச்சுக் குடு. அப்புறம் நீ எப்ப வேணும்னாலும் வரலாம்."

ஆறு வருடத்துக்கு முன் மாமா அந்த வீட்டை வாங்கியபோது, அவருடைய ஆபீஸ்காரர்கள் பத்துப் பேர் முன்னால், "இந்தப் பூச்சை எச்சில் தொட்டா ஒட்டுனாங்க?" என்று கேட்டேன். விரலால் சுரண்டியும் காட்டினேன். பொலபொலவென்று உதிர்ந்தது. உண்மையைச் சொன்ன குற்றத்துக்காக அன்றோடு அந்த வாசல் எனக்கு அடைத்துப்போனது. எனக்கு உடன்பிறந்தவள் அவள் ஒருத்திதான். எப்படியாவது இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்றுதான் கையிலிருந்த வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டுப் போனேன்.

மாமா ஓய்வு பெற்றவர். பொழுது போகாதவர்கள் சீட்டாடலாம், தூங்கலாம். இவர் போனில் சுவர் கட்டும் வீடியோ பார்க்கிறார். நூல் கட்டி, சுவரின் அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்ட மண்வெட்டியைப் போட்ட முதல் நாளே வந்து நின்றார்.

"ரெண்டடி போதும்னு இதுல சொல்றானே."

"அவன் இந்த மண்ணைப் பாத்தானா மாமா? இது கொட்டுன மண்ணு. கெட்டி மண்ணு வர்ற வரைக்கும் தோண்டணும்."

மெதுவாகத்தான் சொன்னேன். அக்கா சமையலறை ஜன்னலைச் சாத்தினாள்.

ஐந்தாம் நாள் குழியின் மேற்கு மூலையில் கடப்பாரை 'ணங்'கென்று நின்றது. கல் என்று நினைத்தேன். மண்ணை ஒதுக்கிப் பார்த்தால் மரக்கட்டை. முன்பு இருந்தவர்கள் யாரோ மரத்தை வெட்டிவிட்டு, அடிக்கட்டையைப் பிடுங்கச் சோம்பல்பட்டு மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார்கள். அண்டா வாய் அகலம். நாலு பக்கமும் தொடை கனத்தில் வேர்.

"இரும்பு மாதிரி கெடக்கே. அது மேலயே போட்டா என்ன?" என்றார் மாமா.

"இன்னைக்கு இரும்பு. பத்து வருஷத்துல மக்கி மாவாகிடும். அடியில பள்ளம் விழும். பின்னாடி ஈர மண்ணு தள்ளும். சுவரு நேரா பாதையில போறவன் தலையில போய் படுத்துக்கும்."

"பத்து வருஷத்துல நான் இருக்கேனோ என்னவோ."

"நீங்க போனா சுவரும் கூடவே வரணுமா?"

இது அவ்வளவு மெதுவாக வரவில்லை. கலவை போட வந்திருந்த ஆட்கள் இரண்டு பேரும் மண்வெட்டியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். மாமா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

மூன்று நாள் அந்தக் கட்டையோடு மல்லுக்கட்டினேன். எட்டாம் நாள் மழுங்கிப்போன கோடாலியைச் சாணை பிடிக்கக் கடைத்தெருவுக்குப் போனேன். கிழக்குப் பாதி சுத்தமாக இருந்ததால், அதற்கு மட்டும் ஜல்லிக் கலவை போடச் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஒரு மணி நேரத்தில் திரும்பினேன். குழி முழுக்கக் கலவை. மேற்கு மூலையும்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முழு மரக்கட்டையைக் கலவையில் மறைத்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

"எவன்டா போடச் சொன்னது?"

ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். மாமா படியில் நின்றிருந்தார். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். நாற்காலி தேய்த்த உடம்புக்குக் குழியின் ஆழம் என்ன தெரியும் என்றேன். ஆறு வருடத்துக்கு முன் உதிர்ந்த பூச்சு இன்னும் உதிர்ந்துகொண்டுதான் இருக்கும் என்றேன். எட்டு நாள் அடக்கிவைத்தது எல்லாம் வந்தது. மாமா படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்கு இன்னும் ஏறியது.

அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"நிறுத்துடா! அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் போடச் சொன்னேன்."

"நீயா? கட்டை மக்கிடும்க்கா!"

"மக்கட்டும். எட்டு நாளா அந்த மனுஷன் உன் வாய்க்குப் பயந்து பாத்ரூமுக்குள்ள போய் நின்னுதான் போன் பேசுறாரு. இன்னும் மூணு நாள் நீ தோண்டிக்கிட்டே இருந்தா எப்படியும் சண்டை வந்துடும், உன்னைப் போகச் சொல்லிடுவாரு. அதுக்கு முன்னாடி சுவரு எழும்பிட்டா, நீ மரியாதையா முடிச்சுட்டுப் போனதா இருக்கும். நாளைக்கு வரவும் போகவும் இருப்ப. சுவரு விழுந்தா இன்னொரு சுவரு கட்டிக்கலாம்டா. எனக்கு நீ வேணும்னுதான் போட்டேன்."

அவள் அதைச் சொல்லும்போதும் என் கண் அந்த மேற்கு மூலையில்தான் இருந்தது. கலவை இன்னும் இறுகவில்லை.

"ஒரு மணி நேரம் குடு. அள்ளி வெளிய போட்டுடுறேன். மூணே நாள். வாயே திறக்க மாட்டேன்."

"உன்னால முடியாதுடா."

"முடியும்னு சொல்றேன்ல!"

தெருவுக்கே கேட்டிருக்கும். அப்போதுதான் மாமா முதல் முறையாகப் பேசினார். ஒரு படி மேலே பின்வாங்கியிருந்தார்.

"மாப்ளே, கடப்பாரையைக் கீழ வைங்க."

என் கையைப் பார்த்தேன். கடப்பாரை தோளுக்கு மேலே இருந்தது. எப்போது எடுத்தேன், எப்போது ஓங்கினேன், தெரியவில்லை. அக்கா எனக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தாள். கலவையைக் கிளறத்தான் எடுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை.

கடப்பாரையைக் கீழே வைத்தேன். அக்கா என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அதைக் காலாலேயே தள்ளித் தள்ளி, என் கைக்கு எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோனாள்.