செய்யாத பிள்ளைக்கு இடமில்லை

அந்த அறையில் மேசையே கிடையாது. மேசை மனசுகளைப் பிரிக்குமாம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவில் ஒரு ஸ்டூலில் மஞ்சள் துணிப்பந்து ஒன்றை வைத்திருந்தார்கள். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும் என்றார் சிறார் நல அதிகாரி. மீசை இப்போதுதான் அரும்பிய முகம், அதிராத குரல். வாயை மூடிக்கொண்டு உட்காருவது எனக்கு ஆகவே ஆகாது. ஆனாலும் அக்கா மகளுக்காக உட்கார்ந்தேன்.

வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். என் அக்கா வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள், பிள்ளை என் பொறுப்பு. போன மாதம் இவள் டியூஷன் முடிந்து வரும்போது, ஒரு கூட்டம் மருந்துக் கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடியிருக்கிறது. உடைத்தவர்கள் மாயமாகிவிட்டார்கள். என் வீட்டு அறிவாளி நின்று வேடிக்கை பார்த்தாள். கடைக்கார அம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டார், போலீஸ் வந்தது, தொலைந்தோம்.

இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. செய்ததை ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்டவரிடம் நேருக்கு நேர் மன்னிப்புக் கேட்டால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். கோர்ட்டும் இல்லை, பதிவும் இல்லை. நல்ல திட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. வாயாடிக்கு நர்ஸ் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. கோர்ட்டில் குற்றவாளி என்று ஆகிவிட்டால் அந்த இடம் அம்போ என்று போய்விடும்.

"நான் செய்யல சித்தி" என்று வீட்டில் அழுதாள்.

"எனக்குத் தெரியாதாடி? அங்க போய் செஞ்சேன்னு சொல்லித் தொலை. சொன்னா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?"

நான் வேலை பார்க்கும் ஹோட்டல் சலவைக்கூடத்திலும் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். இஸ்திரி மெஷினுக்குள் படுக்கை விரிப்பைத் தள்ளிக்கொண்டே, ரோஷம் பார்க்காதே, பிள்ளையின் படிப்பைப் பார் என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள்.

எங்களுக்கு எதிரில் கடைக்கார அம்மா உட்கார்ந்திருந்தார். மூலையில் டீ ஃபிளாஸ்க்கும் கிரீம் பிஸ்கட்டும் தயாராக இருந்தன. சமாதானம் ஆனபிறகு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதற்காம். அதிகாரி பந்தை வாயாடியிடம் கொடுத்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

"நான்தான் உடைச்சேன். மன்னிச்சிடுங்க."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஆனால் அதிகாரி விடவில்லை.

"வெறும் மன்னிப்பு போதாதும்மா. உள்ளேர்ந்து வரணும். எப்படி உடைச்ச, அப்ப மனசுல என்ன ஓடுச்சு, எல்லாத்தையும் சொல்லு."

"கல்லை எடுத்து... எறிஞ்சேன்."

"கல்லா?" என்றார் கடைக்கார அம்மா.

"பந்து அவ கையில இருக்கும்மா" என்று அவரை அடக்கிவிட்டு, அதிகாரி வாயாடி பக்கம் குனிந்தார். "கல்லு இல்லம்மா. வெக்கத்துல ஞாபகம் வராது, பரவாயில்ல. சோடா பாட்டில்னு போலீஸ் ரிப்போர்ட்ல இருக்கு."

"ஆமா சார், பாட்டில்."

"காலி பாட்டிலா, சோடா இருந்துச்சா?"

"எது சார் சரி?" என்று கேட்டாள்.

"காலி" என்று அந்த மனிதர் எடுத்துக் கொடுத்தார்! உதவி செய்வதாகவே நினைத்துக்கொண்டு கொடுத்தார். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"நிறுத்துங்க சார்!"

"அம்மா, பந்து உங்க கையில இல்லையே..."

"பந்தைத் தூக்கிக் குப்பையில போடுங்க! எதால உடைஞ்சுதுன்னே தெரியாத பிள்ளைக்கு வசனம் சொல்லிக் குடுக்கறீங்களா? இது என்ன நாடக ஒத்திகையா?"

அவர் முகம் வாடிப்போனது. "அவ செய்யலன்னு சொல்றீங்களாம்மா? அப்படின்னா திட்டத்துல அவளுக்கு இடமில்ல. ஒப்புக்கிட்டவங்களுக்குத்தான் இது. மறுத்தா நான் கோர்ட்டுக்கு அனுப்பியே ஆகணும்."

"செஞ்ச பிள்ளைக்கு டீயும் பிஸ்கட்டும், செய்யாத பிள்ளைக்குக் கோர்ட்டா? நல்லா இருக்கு தம்பி உங்க நியாயம்!"

சார் எப்போது தம்பி ஆனார் என்று எனக்கே தெரியவில்லை.

"அப்ப என் கண்ணாடிக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் கடைக்கார அம்மா.

"உடைச்சவங்களைத் தேடிப் பிடிச்சுக் கேளுங்க. கைக்குக் கிடைச்சவளைக் கேக்காதீங்க."

அதிகாரி கெஞ்சினார். "நர்ஸ் படிப்பு போயிடும்மா. ஒரே ஒரு வார்த்தை. இந்தச் சுவருக்குள்ளேயே முடிஞ்சிடும்." அவர் பிள்ளையின் நல்லதுக்குத்தான் சொன்னார், அதுவும் எனக்குத் தெரிந்தது. அக்காவிடம் போனில் என்ன சொல்வேன்?

"சித்தி, நீ சும்மா இரு" என்றாள் வாயாடி, தலையை நிமிர்த்தாமல். "பாட்டில்னா பாட்டில். எது வேணும்னாலும் சொல்லிடறேன்."

சாம்பாரில் உப்பு குறைந்ததற்கே ஊரைக் கூட்டுகிறவள். அந்த வாயிலிருந்து இந்தப் பேச்சு வந்ததும் கோர்ட்டைப் பற்றிய பயம் எனக்குச் சின்னதாகிவிட்டது. படிப்பு போனால் வேறு படிப்பு தேடலாம். இந்தப் பிள்ளை இப்படியே தலையைக் குனிந்துகொண்டு வாழப் பழகிவிட்டால் அவளை நான் எங்கே போய்த் தேடுவேன்?

"வேணாம்டி, எழுந்திரு" என்றேன். "கோர்ட்டுக்கே அனுப்புங்க தம்பி. நானே கூட்டிட்டு வரேன்."

வெளியே நடைவழியில் அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"தோத்துட்டா சித்தி?"

"தெரியலடி."

"ஜட்ஜு கேட்டா என்ன சொல்ல?"

"செய்யலன்னு சொல்லு."

"நம்பலன்னா?"

"மறுபடியும் சொல்லு. உனக்குத் தொண்டை கட்டிட்டா நான் சொல்றேன்."

மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்பவே சொல்லிப் பாக்கவா?"

"சொல்லேன்."

"நான் செய்யல!"

வரிசையாக இருந்த கதவுகளில் ரெண்டு திறந்தன. ஒன்றிலிருந்து அதிகாரி தலையை நீட்டினார். வாயாடி என்னைப் பார்த்தாள்.

"இன்னும் சத்தமா" என்றேன்.