கதவுக்கு முதுகு கொடுத்தவர்

எதைக் கேட்டாலும் முதலில் ‘ஊகூம்’ என்று சொல்லிவிட்டுத்தான் என்ன சேதி என்று விசாரிப்பார். அதனால் அந்த ரிக்கார்டிங் ஸ்டுடியோவில் அவருக்குப் பேரே ஊகூம்தான். வேலை வாசல் காவல். கூடவே இன்னொரு வேலையும் ஒட்டிக்கொண்டிருந்தது. பாடுகிற அறையின் கதவில் தாழ்ப்பாள் உடைந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. சரிபண்ண யாருக்கும் மனசு வரவில்லை. பாடகர் வாயைத் திறக்கும்போது ஊகூம் உள்ளே வந்து, கதவுக்கு முதுகு கொடுத்து அசையாமல் நிற்பார். நிற்காவிட்டால் கதவும் ‘கிரீச்’ என்று ஒரு வரி பாடிவிடும்.

சண்டை மூண்டதும் ஒரு பாட்டு தயாரானது. எல்லையில் நிற்கிற பிள்ளைகளுக்காகப் பெரிய பெரிய நடிகர்களும் பாடகர்களும் சும்மாவே பாடிக் கொடுக்கிறார்களாம். வந்தார்கள். ஒருத்தர் இருக்கும்போது இன்னொருத்தர் வரவில்லை. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். ‘கைகோத்து நிற்போம்’ என்பதைத் தனித்தனியாகப் பாடி, கேமராவுக்குக் கண்ணைத் துடைத்துவிட்டுப் போனார்கள்.

“ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்,” என்றார் ஊகூம், அங்கேயே கூட்டிப் பெருக்குகிற மருமகளிடம்.

அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் புருஷன், இவருக்கு ஒரே மகன், எல்லையில்தான் இருந்தான். அவன் போனில் பேசி அனுப்பியிருந்ததைப் பாட்டின் தொடக்கத்தில் வைக்கலாமா என்று இசையமைப்பாளர் கேட்டதும் பூரித்துப்போய்க் கொடுத்துவிட்டாள்.

“என்னைக் கேட்டியா?”

“கேட்டா ஊகூம்பீங்க மாமா. நாடே அவர் குரலைக் கேக்கட்டுமே.”

“எதுவரைக்கும் கேக்க விடுவாங்க? அதைச் சொல்லு.”

அதுதான் அவர் பயம். மகன் பேசியது இவ்வளவுதான்: “அப்பா, நாங்க நல்லா இருக்கோம், கவலைப்படாதீங்க. ஆனா பூட்ஸ் எல்லாம் வாயைப் பொளந்துடுச்சுப்பா. காலெல்லாம் புண்ணு. பேப்பரைச் சுத்திக்கிட்டு நடக்கறோம். யாருகிட்டயாவது சொல்லுங்க.”

யாரிடம் சொல்வது? வாசல் காவல்காரன் பேச்சை எவன் காது கொடுத்துக் கேட்பான்?

மறுநாள் போட்டுக் காட்டினார்கள். ‘நல்லா இருக்கோம், கவலைப்படாதீங்க.’ உடனே வயலின் வந்துவிட்டது.

“மிச்சம் எங்கே?”

“நம்பிக்கை குடுக்கற பாட்டு பெரியவரே,” என்றார் இசையமைப்பாளர். “அதுல போய்க் கிழிஞ்ச பூட்ஸா?”

“அப்ப என் பிள்ளை குரலே வேணாம். எடுத்துடுங்க.”

“அதெல்லாம் ஏத்தியாச்சு. போய்க் கதவைப் பாருங்க, பெரிய நடிகர் வந்துட்டார்.”

இருக்கிறவர்களிலேயே பெரிய நடிகர் அவர். கண்ணை மூடிக் கடைசி வரியை இழுத்தார். நன்றாகத்தான் வந்தது. வெண்ணெய் திரளும் நேரம் பார்த்து ஊகூம் முதுகை எடுத்தார்.

கிரீச்.

இன்னொரு தரம் பாடினார். இன்னொரு கிரீச். நாற்காலியை முட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். நாற்காலி வழுக்கிக்கொண்டு போனது. இசையமைப்பாளர் பல்லைக் கடித்தார். மருமகள் வெளியிலிருந்து, “மாமா, வேலை போயிடும்,” என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

நடிகர் ஹெட்போனைக் கழற்றினார். “ஐயா, உங்களுக்கு என்னதான் வேணும்?”

“என் பிள்ளை பேசினது முழுசும்.”

மருமகளின் போனை வாங்கி நடிகர் காதில் வைத்துக் கேட்டார். முகம் மாறியது. நடிகன் முகம் மாறத்தானே செய்யும் என்று ஊகூம் சுற்றிலும் பார்த்தார். கேமரா இல்லை.

“முழுசாச் சேத்துடுங்க,” என்றார் நடிகர். “இடம் பத்தலைன்னா என் பாட்டைக் குறைங்க.”

“ஊகூம். என் கண்ணு முன்னாடி சேக்கணும். அப்புறம்தான் கதவு.”

சேர்த்தார்கள். கேட்டார். பிறகு போய்க் கதவில் சாய்ந்தார்.

பாட்டு வெளியானது. ஜனங்கள் பாட்டை விட்டுவிட்டுப் பூட்ஸைப் பிடித்துக்கொண்டார்கள். கடைத்தெருவில், பஸ்ஸில், எங்கும் அதே பேச்சு. கொஞ்ச நாளில் மகனிடமிருந்து சேதி வந்தது. எல்லாருக்கும் புது பூட்ஸ் கொடுத்து, வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்களாம்.

மருமகள் அழுதேவிட்டாள். ஊகூம் அசையவில்லை.

“போட்டோ எடுத்துட்டுத் திருப்பி வாங்கிட்டாங்களான்னு கேளும்மா.”

“மாமா!”

“கேளு.”

கேட்டாள். பதில் வந்தது. “இல்லப்பா, கால்லதான் இருக்கு. ஒரு சைஸ் பெருசு. நடந்தா லொடலொடங்குது.”

ஊகூம் அதை இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டார்.

“பெருசா இருக்காமா? சொல்லிக்குடுத்த பேச்சுன்னா ‘நல்லா இருக்கு’ன்னு முடிஞ்சிருக்கும். அப்ப நெசமாத்தான் குடுத்திருக்காங்க,” என்று சொல்லிவிட்டு, வேலைக்குக் கிளம்பினார்.