ரம்பத்தின் மறுபிடி

அக்கா தேநீரோடு வெளியே வருவதற்குள் தம்பி ஆரஞ்சு மரத்தடிக்குப் போய்விட்டான். கையில் கத்தி.

"முதல்ல டீயக் குடிடா."

"குடிக்கலாம்க்கா. நாத்தெல்லாம் ஒட்டுக் கட்டத் தயாரா நிக்குது. காய்ப்பு பாரு, கொத்துக் கொத்தா! மரம் உன்ன மாதிரி இல்ல, கேக்காமலே குடுக்குது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். தோட்டத்துத் தண்ணீர் முறைக்காக முட்டிக்கொண்டு, ஒரே வேலிக்கு இருபுறமும் வருடக்கணக்கில் முகம் பாராமல் இருந்தவர்கள். நேற்றுத்தான் அவன் வேலியோரம் வந்து, கழுத்தைச் சொறிந்தபடி, "புதுத் தோட்டத்துக்கு உன் மரத்துக் குச்சி தருவியாக்கா?" என்றான். மனசு நிறைந்துபோனால் நாமெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவோமே, அப்படித்தான் அவளும் "மரத்தையே எடுத்துக்கடா" என்றுவிட்டாள். இன்று காலை கொழுந்திலை ஒன்றை வெயிலுக்கு நேரே பிடித்தபோது, நரம்புகள் விட்டுவிட்டு வெளிறிக் கிடந்தன. பட்டையைச் சீவினாள். உள்ளே ஊசி குத்தினாற்போல் பள்ளங்கள். அவள் வேலை செய்யும் நாற்றுப்பண்ணையில் இதே அடையாளத்தைக் கண்டுதான் நாற்றுகளைப் பாத்தி பாத்தியாகப் பிடுங்கி எரித்தார்கள்.

"மரத்துக்கு வைரஸ்டா. மருந்து கெடையாது. குச்சியோட உன் தோட்டம் பூரா போயிடும்."

நீட்டிய இலையை அவன் பார்க்கவேயில்லை.

"நேத்து மரத்தையே எடுத்துக்கன்னே. விடிஞ்சதும் மரத்துக்கு நோவா? மனசில்லன்னா நேரா சொல்லு. தண்ணிக்கும் இப்படித்தான் ஒரு காரணம் வெச்சிருந்தே."

"சத்தியமா சொல்றேன். அந்தக் கத்தியால உன் நாத்தத் தொட்டுடாதே."

"அஞ்சாறு குச்சி ஏற்கெனவே வெட்டியாச்சு." இடுப்பில் செருகியிருந்த ஈரத்துணிச் சுருளைத் தட்டிக் காட்டினான். "வரேன்."

குச்சியை அவன் தூக்கி எறிந்தாலும், இலையடியில் மொய்த்து, நோயைச் சுமந்து பறக்கும் அசுவினிப் பூச்சிக்கு வேலி ஏது?

கொட்டகையிலிருந்து நீள ரம்பத்தை இழுத்து வந்தாள். மண்டியிட்டு அடிமரத்தில் பல்லைப் பதித்தாள்.

வேலிவரை போனவன் சத்தம் கேட்டுத் திரும்பினான். "ஏய்! காய்ச்சுக் குலுங்குற மரம்கா! பைத்தியமா உனக்கு?"

அவள் நிமிரவில்லை. இரண்டு பேர் இழுக்க வேண்டிய ரம்பம். தள்ளும்போதெல்லாம் வளைந்தது, சிக்கியது, மறுபடி இழுத்தாள். பழங்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. ஒன்று உருண்டுபோய் அவன் காலில் முட்டியது. அவன் கை இடுப்பிலிருந்த குச்சிச் சுருளைப் பற்றியபடியே இருந்தது.

மரத்துக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத மறுபிடி வெறும் காற்றில் துடித்துக்கொண்டிருந்தது.