இரண்டாவது மடக்கு

கிருபைராஜ் குடியை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. மகள் ஜாயின் ஞானஸ்நானத்தன்று ஆலயத்தில் எல்லோரும் காத்திருக்க, அவன் வேலூரில் ஒரு லாட்ஜில் நினைவில்லாமல் கிடந்தான். அன்று அவனுக்குப் பதிலாகக் குழந்தையை ஏந்தி நின்றவன் நண்பன் ஃபிரெடி. அந்த நாளோடு கிருபைராஜ் நிறுத்திவிட்டான். அமெரிக்கா வந்தபிறகும் தொடவில்லை.

தொண்ணூற்றொன்பது அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, அவனும் ஃபிரெடியும் ஆபீஸ் தோழன் பத்மநாபனும் தாங்கள் குடியிருந்த சான் ரமோனிலிருந்து வடக்கே ஆப்பிள் தோட்டங்களைப் பார்க்கப் போனார்கள். வேன் ஃபிரெடியுடையது. ஓட்டியவன் கிருபைராஜ். குடிக்காதவன் என்பதால் எங்கே போனாலும் ஸ்டியரிங் அவன் கைக்குத்தான் வரும்.

செபாஸ்டபோல் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு தோட்டத்தை இங்கிலாந்துக்காரக் கிழவர் ஒருவர் நடத்தினார். மரத்தடி பெஞ்சில் கிருபைராஜ் உட்கார்ந்திருக்க, ஃபிரெடி கொட்டகைக்குள்ளிருந்து மூன்று கிளாஸ்களோடு வந்தான். கலங்கலான மஞ்சள் நிறம்.

"இந்தா, சைடர்."

"சைடரா? ஜாய் குடிக்குமே, அந்த ஆப்பிள் ஜூஸா?"

"அதேதான். குடி."

அமெரிக்கக் கடைகளில் ஜாடியில் விற்கும் இனிப்புச் சாறுதான் சைடர் என்று அவன் நினைத்திருந்தான். தாகம் வேறு. பெரிய மடக்காக விழுங்கினான். இனிப்பே இல்லை. புளிப்பு, கசப்பு, பழைய மரப்பீப்பாயின் வாசம். அது மது என்று மூளைக்கு எட்டுவதற்கு முன்பே தொண்டைக்குத் தெரிந்துவிட்டது. காது மடல் சூடேறியது. கை தானாகக் கிளாஸை மறுபடி உயர்த்தியது. இரண்டாவது மடக்கை அவன் தெரிந்தேதான் குடித்தான்.

"பார்த்துக் குடிங்க," என்று கிழவர் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். "எங்க ஊர் முறையில புளிக்கவச்சது. ஏழு பர்சென்ட் ஆல்கஹால்."

ஃபிரெடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இருவரின் கிளாஸ்களும் காலியாகியிருந்தன. பத்மநாபன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

கிருபைராஜ் மிச்சத்தைப் புல்லில் கொட்டினான்.

"தெரிஞ்சேவா குடுத்த?"

"ஜோக்குடா! நாலு வருஷம் ஆச்சு, இன்னும் என்ன பயம்? ஒண்ணும் ஆகலைல்ல?"

"ஆகலையா? என் உள்ள என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியுமாடா?"

ஃபிரெடியின் சிரிப்பு அடங்கியது. "பாஸ்டர் மாதிரி எதிர்ல உட்கார்ந்து பாத்துக்கிட்டே இருக்க. நாங்க ஒரு பீர் அடிச்சாகூட கில்ட்டியா இருக்கு. ஒரு தடவ நீயும் எங்களோட இருந்தா என்னன்னு தோணிச்சு."

"நான் எப்பவாவது உன்ன ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா? ரெண்டு மணி நேரம் ஓட்டிக்கிட்டு வந்தேன். அதுக்கு இதுவாடா?"

பெஞ்சை அவன் உதைத்த உதையில் கிளாஸ் உருண்டு விழுந்து உடைந்தது. வேன் சாவியைக் கிழவர் கையில் வைத்து, "இவங்க ரெண்டு பேரும் தெளியற வரைக்கும் குடுக்காதீங்க" என்றான். ஃபிரெடி தோளைத் தொட வந்தான். அந்தக் கையைத் தட்டிவிட்டுக் கடைத்தெருவரைக்கும் நடந்தான். கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை.

பேஃபோனில் மனைவி ஜெபினாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னான். "முதல் மடக்கு அவன் ஏமாத்தினது. ரெண்டாவது நான் குடிச்சது."

எந்தக் கடைத்தெரு என்று அவள் கேட்டுக்கொண்டாள். "அங்கேயே நில்லுங்க. எங்கேயும் போகாதீங்க."

நாலு மணிக்கு அவள் கார் வந்து நின்றது. பின் சீட்டில் ஜாய் தூங்கிக்கொண்டிருந்தாள். ஃப்ரீவே ஏறியதும் ஜெபினா கேட்டாள். கோபத்தில் அவள் தாடை இறுகியிருந்தது.

"இன்னும் வேணும்னு தோணுதா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தான். "தோணுது."

"சரி," என்றாள். "இனிமே ஃபிரெடி நம்ம வீட்டுப் படி ஏறக் கூடாது. நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

"நான் சொல்றேன்," என்றான் கிருபைராஜ். மறுநாள் காலை ஆராதனைக்குப் போகுமுன் ஃபோன் எடுத்துச் சொல்லியும்விட்டான்.