பதினொரு டிக்கெட்டுக்கு ஒரு ஹவுஸ்புல்

ரொஷேலுக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்குக் கொட்டாஞ்சேனைச் சந்தியே காணாது. திங்கட்கிழமைப் பகல், வெயில் மண்டையைப் பிளக்கிறது, குடைகூட எடுக்காமல் தியேட்டரிலிருந்து தேத்தண்ணிக்கடைக்கு நடந்தாள். கையில் போன். மறுமுனையில் வெள்ளவத்தை வீட்டிலிருந்து தியேட்டர் முதலாளி முத்துலிங்கம். வைத்துவிடாமல் லைனிலேயே இருக்கும்படி அவரிடம் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டிருந்தாள்.

விஷயம் இதுதான். ‘இடிமாறன்’ என்று ஒரு சூப்பர் ஹீரோ படம். வந்து பத்து வருடமாகிவிட்டதென்று மறுபடி வெளியிட்டார்கள். மழைக்கு ஒழுகுகிற பால்கனியைப் பூட்டிவிட்டு, கீழ்த்தளத்தை மட்டும் வைத்து இழுத்துக்கொண்டிருக்கிற தியேட்டர் இதிலாவது கொஞ்சம் மூச்சு விடட்டும் என்று முத்துலிங்கம் அதை எடுத்துப் போட்டார். ஆறு வருடமாக டிக்கெட் கவுண்டரில் இருக்கிற ரொஷேலும் நம்பினாள். ஞாயிறு மெட்னி ஷோவுக்கு விற்றது பதினொரு டிக்கெட்.

வெளியே மட்டும் திருவிழா. இடிமாறன் ரசிகர்கள் இருபது பேர், ஒரே மாதிரிக் கறுப்பு டீசேட், தலைவன் சஜீத். எதிர்ப்பக்கம் கிளெமென்ற்றின் ஆட்கள். அவர்களுக்குப் போன வருடம் வந்த இன்னொரு சூப்பர் ஹீரோதான் தெய்வம். எந்தப் படம் எத்தனை கோடி எடுத்தது, எது காலத்துக்கும் நிற்கும், எது பொய்க் கணக்கு என்று மாதக்கணக்காக பேஸ்புக்கில் அடிபடுகிற கூட்டங்கள். வாய் கிழியக் கதைத்தவர்களில் ஒருத்தனாவது கவுண்டருக்குள் கை நீட்டினானா? இல்லை. ஷோ தொடங்கிய பிறகு சஜீத் வந்து, ஹவுஸ்புல் போர்டை ரெண்டே ரெண்டு நிமிஷம் தாங்க அக்கா, ஒரு போட்டோ எடுத்துவிட்டுத் தாறேன் என்று குழைந்தான். மாட்டேன் என்றாள். விடாமல் கெஞ்சினான். தூசி பிடித்துக் கிடக்கிற போர்டுதானே என்று கொடுத்துத் தொலைத்தாள். அதுதான் அவள் செய்த மடத்தனம்.

போர்டுக்கு மாலை போட்டு, வாசலில் தொங்கவிட்டு, போட்டோ எடுத்து பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். பத்து வருடத்துக்குப் பிறகும் கொட்டாஞ்சேனையில் ஹவுஸ்புல், வயிறெரிகிறவர்களுக்கு எரியட்டும் என்று அதன் கீழே எழுத்து. ஆயிரம் பேர் பகிர்ந்து, காலையில் அது முத்துலிங்கத்தின் போனுக்கும் போய்ச் சேர்ந்தது. போட்டோவில் ஹவுஸ்புல், ரொஷேல் எழுதிக் கொடுத்த தாளில் பதினொன்று. டிக்கெட் கிழிக்காமல் ஆட்களை உள்ளே விட்டு, காசைச் சுருட்டினாயா பிள்ளை என்று கேட்டுவிட்டார் மனிதர். பின்னேரத்துக்குள் கவுண்டர்ப் பூட்டின் திறப்பைக் கொண்டுவந்து தரச் சொன்னார்.

ஆறு வருடத்தில் ஒரு சதம் பிசகியதில்லை. கள்ளி என்ற பெயரோடு வெளியே போனால், பிறகு எந்தக் கடையில் அவளை நம்பிக் கல்லாவில் இருத்துவார்கள்? நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடையில் இரண்டு கூட்டமும் இரண்டு மேசையிலிருந்து கத்திக்கொண்டிருந்தன. போட்டோ சுத்தப் பொய் என்கிறான் கிளெமென்ற். சரித்திரம் தெரியாதவனெல்லாம் கதைக்க வேண்டாம் என்கிறான் சஜீத். அவன் கதிரைக்குப் பின்னால், வாடின மாலையோடு, ஹவுஸ்புல் போர்டு சுவரில் சாய்ந்திருந்தது. ரெண்டு நிமிஷமாம்.

ரொஷேல் போனை லவுட்ஸ்பீக்கரில் போட்டு அவன் முன்னால் வைத்தாள்.

"முதலாளி கேட்டுக்கொண்டிருக்கிறார், சஜீத். உன்ர போட்டோவால என்னைக் கள்ளி எண்டுறார். நேத்து எத்தனை பேர் படம் பார்த்ததெண்டு நீயே சொல்லு."

சஜீத் வாயைத் திறந்தான். அதற்குள் கிளெமென்ற்றின் மேசையில் ஆறு போன்கள் மேலே எழும்பிவிட்டன. உண்மையைச் சொன்னால் பத்து நிமிடத்தில் ஊர் முழுக்கப் போய்விடும், இடிமாறனுக்கு ஆளில்லை என்று. அவன் அந்தப் போன்களைப் பார்த்தான், பிறகு ரொஷேலைப் பார்த்தான். ஒரு கணம் அவளுக்கு நம்பிக்கை வந்தது.

"ஹவுஸ்புல்தான்," என்றான்.

அடப் பாவி. ஒரு படத்தின் மானத்தைக் காப்பாற்ற அவளுடைய மானத்தையல்லவா சந்தியில் போட்டு மிதிக்கிறான். ஓங்கி ஒன்று விட்டிருப்பாள்; மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் உள்ள இருந்து பார்த்தனியோ?"

"பாக்காம?"

"எங்க இருந்தனீ?"

"எங்கட வழமையான இடம்தான் அக்கா. பால்கனி, முன் வரிசை, நடு சீட்."

கடையில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. போனிலிருந்து முத்துலிங்கத்தின் குரல் வந்தது.

"தம்பி, பால்கனியைப் பூட்டி ரெண்டு வருஷம். திறப்பு என்ர மேசை லாச்சிக்குள்ள கிடக்கு."

சஜீத்தின் முகம் செத்துப்போனது. கிளெமென்ற் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தான், அவன் ஆட்கள் கூவினார்கள். பிள்ளை, நாளைக்கு வழமைபோல வா என்று முத்துலிங்கம் சொன்னது அந்தச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. பிழை விட்டுவிட்டேன் என்று ஒரு சொல் வரவில்லை அவரிடமிருந்து. அது ரொஷேலுக்கு இன்னும் சுட்டது. போனை எடுத்தாள். மாலையைப் பிய்த்துச் சஜீத்தின் பிளேன்ரீக் கோப்பைக்குப் பக்கத்தில் எறிந்தாள். போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெளியே போகிற வழியில் கிளெமென்ற்றின் முன்னால் நின்றாள். அவன் இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தான்.

"நல்லாச் சிரி. உன்ர படத்தையும் ஆளில்லாம நாலாம் நாள் தூக்கினது நாங்கதான். நீ எந்த சீட்டில இருந்து பார்த்தனீ, சொல்லு."

கிளெமென்ற் போனைக் கீழே இறக்கினான்.