வாள்வாலியின் குட்டிகள்

ஆசுபத்திரிக்குப் போகக் குளித்துவிட்டு வந்த சிவரூபன், ஈரத் துவாயோடேயே மீன் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்து கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். எடுத்ததெல்லாம் கலங்கல். பாசிக்குள் கண்ணும் வாலுமாக ஓடித் திரிந்த குட்டிகள் ஒரு கணம் நின்று தொலைத்தால்தானே! "நில் சனியனே" என்று கண்ணாடியோடு சண்டை பிடித்தான்.

மனைவி சுபாஜினி ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தபடி நாளாந்தம் கேட்டது இந்த ஒன்றைத்தான். வாள்வாலி குட்டி போட்டதா? வாள் போல வால் நீண்ட ஆண் மீன் செத்து எவ்வளவோ நாளாகிவிட்டது. மிஞ்சியது பெண் மட்டும்; அதோடு மொலி, கப்பி, பிளாட்டி என்று வேறு சாதி மீன்கள். முந்திச் சேர்ந்ததை வயிற்றில் வைத்திருந்து, ஆண் செத்த பிறகும் அந்தப் பெண் குட்டி போடும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அவனுக்கு அதில் துளி நம்பிக்கை கிடையாது.

ஆசுபத்திரியில் அவள் படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"எந்த மீன்ரை குட்டியப்பா இது?"

"எனக்கென்ன தெரியும்? எல்லாம் ஒரு மாதிரித்தான் கிடக்கு."

"பெரிசா, கறுப்பா எண்டால் மொலி. நல்லாச் சின்னன் எண்டால் கப்பி. உது ரெண்டும் இல்லை." மூச்சு வாங்கியது. "பிளாட்டியா இருக்கும், இல்லாட்டி வாள்வாலி. குட்டியில ரெண்டும் ஒண்டுதான். வளந்து வாள் வந்தாத்தான் தெரியும்."

"பிறகேன் என்னைப் போட்டு அரிக்கிறீர்?"

"பிளாட்டி எண்டால் பாதகமில்லை, அது தொட்டி நிறைய நிக்குது. தெரியாதபடியா எல்லாத்தையும் பிடிச்சுப் புறம்பா ஒரு பேசினுக்குள்ள விடுங்கோ. பெரிசுகள் திண்டுபோடும். முட்டை அவிச்சு மஞ்சள் கருவைக் குடுங்கோ."

"ஓம், ஓம்" என்றான் அவன். மத்தியானம் கன்ரீனில் பால் விடாத பிளேன்ரீக்கு வரிசையில் நின்ற நேரம் அவள் போய்விட்டாள்.

அடுத்த நாள் அவர்களின் ஊரான கோப்பாயில் மழை. பந்தலுக்குள் தண்ணீர் நின்றபடியால் கிரியையெல்லாம் வீட்டுக்குள்ளேயே நடந்தது. அவளின் பெட்டி வைக்க இடமிருந்தது தொட்டிக்குப் பக்கத்தில்தான். துக்கம் விசாரிக்க வந்த சனம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் மீனைப் பார்த்தது.

"உது கப்பிக்குட்டி எல்லோ அத்தான்?" என்றான் அவளின் தம்பி கோபிசங்கர்.

"கப்பியோ? மொலி" என்றார் பக்கத்து வீட்டுத் தில்லைநாதன்.

சிவரூபனுக்குப் பத்திக்கொண்டு வந்தது. கட்டிலில் கிடந்தவளே சொல்ல முடியாமல் போனதை இவர்கள் வாசலில் நின்றபடி சொல்கிறார்களாம். அவன் விரலில் தருப்பை. ஐயர் சொல்லச் சொல்ல அரிசியும் பூவும் அள்ளிப் போட்டான். எதிரே, தொட்டிக்குள், கரிய மொலி ஒன்று பாசி ஓரத்தில் பதுங்கி நின்று ஒரு குட்டியை லபக்கென்று விழுங்கியது. பிறகு இன்னொன்று. எழும்பவும் முடியாது, கத்தவும் முடியாது. "தம்பி, பூவைப் போடும்" என்றார் ஐயர். போட்டான்.

சுடலையில் கொள்ளி வைத்துவிட்டு வந்து தலை தோய்ந்தவன், தேத்தண்ணி வடிக்கிற வடியை எடுத்துக்கொண்டு நேரே தொட்டிக்குப் போனான். அகப்பட்ட குட்டிகளையெல்லாம் பிடித்து ஒரு பேசினுக்குள் விட்டான். பிறகு பிறிஜ்ஜுக்குள் கிடந்த முட்டை ஒன்றை அடுப்பில் வைத்தான்.

சுபாஜினியின் தாய், மாமி மகாதேவி, குசினி வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, என்ன செய்யிறியள்?"

"முட்டை அவிக்கிறன்."

"பிள்ளையின்ரை சாம்பல் இன்னும் ஆறேல்லை. எட்டாம் நாள் எட்டுச்செலவு முடியுமட்டும் இந்த வீட்டுக்கை முட்டை புழங்கப்படாது. சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும் மாமி. அவள் குடுக்கச் சொன்னவள்."

"ஆருக்கு?"

அவன் பேசினைக் காட்டினான். மகாதேவி குனிந்து பார்த்தாள்.

"எதின்ரை குட்டியள்?"

"ஐயோ மாமி, நீங்களுமோ? தெரியாது. அவளுக்கே தெரியேல்லை. வளந்தாத்தான் தெரியுமாம். எவ்வளவு காலம் செல்லும் எண்டு நான் கேக்கேல்லை. ஓம் ஓம் எண்டுபோட்டு பிளேன்ரீ குடிக்கப் போயிட்டன்." அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதான்.

மகாதேவி உள்ளே வந்து குசினிக் கதவைச் சாத்தினாள். முட்டை அவிந்ததும் அடுப்பை நிற்பாட்டினாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து முட்டையை உடைத்து, மஞ்சள் கருவில் ஒரு துண்டைக் கிள்ளி பேசினுக்குள் போட்டான். அது அடியில் போய்க் கிடந்தது. குட்டிகள் திரும்பியும் பார்க்கவில்லை. இன்னொரு துண்டு போட்டான். அதுவும் அப்படியே.

"இதுகூட எனக்குச் சரிவரேல்லை" என்றான்.

"உவ்வளவு பெரிசு என்னெண்டு வாய்க்குள்ள போகும்?" என்றாள் மகாதேவி. மிச்சக் கருவை வெள்ளைத் துணித்துண்டு ஒன்றில் முடிந்து, தண்ணீருக்குள் அமிழ்த்தி, இரண்டு விரலால் மெல்லப் பிழிந்தாள். தண்ணீர் மஞ்சளாகக் கலங்கியது.

வெளியே ஆரோ "மாமி எங்கை?" என்று கேட்டார்கள். மகாதேவி துணியை இன்னொருக்கால் பிழிந்தாள்.