எழுபத்து நான்காம் ஆண்டுச் சிவப்பு

ஒரு திராட்சைப் பண்ணையில் எட்டு வருடமாக ஒயின் தயாரிப்பவள் நான். இருந்தும் எங்கள் எழுபத்து நான்காம் ஆண்டுச் சிவப்பு ஒயினை அன்றுதான் முதன்முதலாக வாயில் வைத்தேன். போட்டி நடுவர்கள் குடித்துவிட்டு முதல் பரிசு கொடுத்ததோடு சரி. அப்புறம் வாங்கியவனெல்லாம் பூட்டி வைத்தான், அல்லது ஏலத்தில் விற்றான். எடுத்தவனும் பூட்டி வைத்தான். குடிக்கப் பயந்த அந்தப் பைத்தியக்காரர்களால்தான் எங்கள் பள்ளத்தாக்கே பிழைத்தது. எங்கள் குன்றின் காபர்னே திராட்சைக்கு வந்த பேரைப் பார்த்து, கோதுமை போட்டவர்களும் அதையே நட்டார்கள்.

பாட்டிலின் பழைய கார்க் அடைப்பு இற்றுப்போகும். அதனால் பூட்டி வைத்திருப்பவர்களைப் பாட்டில்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். திறந்து, ஒரு மிடறு சுவைத்து, நன்றாயிருந்தால் புதுக் கார்க் அடித்துக் கையெழுத்துப் போட்டுத் தருவது ஏற்பாடு.

முதல் பாட்டிலையே இரண்டாம் முறை சுவைத்துப் பார்த்தேன். கமலா ஆரஞ்சுத் தோல், லேசான இரும்பு வாடை. காபர்னேயில் இது வரவே வராது. வேலையாட்கள் வீடுகளுக்குப் பின்னால், பந்தலில்லாமல் புதராக நிற்கும் கிழட்டுச் சின்சோ திராட்சைக் கொடிகளின் ருசி இது. மலிவு ஒயினுக்குப் போகும் பழம். அங்கேயும் காபர்னே நடலாமென்று அந்த வாரம்தான் அவற்றைப் பிடுங்கச் சொல்லியிருந்தேன்.

கார்க் அடிக்க வந்திருந்த அப்போலிஸ் மாமா, எழுபத்து நான்கிலும் இதே கூடத்தில் பாட்டில் நிரப்பியவர். கோப்பையை நீட்டினேன். முகர்ந்ததுமே கீழே வைத்துவிட்டார்.

"மாமா, இது எந்தத் தோட்டத்துப் பழம்?"

மென்று விழுங்கிச் சொன்னார். பீப்பாய்களைக் கழுவியபோது, எதில் எந்த ஒயின் என்று எழுதியிருந்த சாக்பீஸ் குறி அழிந்துவிட்டதாம். முதலாளி ரக்பி பார்க்கப் போயிருந்தாராம். இவர் குத்துமதிப்பாக ஒன்றைப் பாட்டிலில் அடைத்தாராம். மற்றது, அதாவது நிஜக் காபர்னே, கூலியோடு அளந்து ஊற்றும் ஒயினாக வேலையாட்களின் தகர டம்ளருக்குப் போனது.

"துவர்ப்புல நாக்கே மரத்துப்போச்சு மேடம். தண்ணி கலந்துதான் குடிச்சோம். அப்பதான் தெரிஞ்சுது, உங்க பெரிய குன்றை நாங்க குடிச்சுத் தீத்துட்டோம்னு."

சொன்னால் வேலையோடு வீடும் போகும். பரிசு வந்தபிறகு யார் வாயைத் திறப்பார்கள்?

டிராக்டர் ஓட்டும் டானவனுக்கு போன் போட்டேன். ஒரு கொடி பாக்கியில்லை, நிலத்தைச் சமப்படுத்தியும் ஆயிற்று என்று பெருமையாகச் சொன்னான்.

ஆத்திரமெல்லாம் மாமா மேல் பாய்ந்தது. இத்தனை வருடம் மறைத்தீர்கள், பிடுங்கும்போதாவது வந்து சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை.

"வந்தேனே மேடம். செவ்வாக்கிழமை காலையில, டிராக்டர் கிளம்புறதுக்கு முன்னாடி. அந்தக் கொடிங்களைப் பத்தி ஒண்ணு சொல்லணும்னேன். 'கறி சுட விறகு கேக்கத்தானே மாமா, பிடுங்கினதுல வேணுங்கிறதை எடுத்துக்கோங்க'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டீங்க."